ஈரமணலில் விழுந்த கிரீடம்

அலை வடிந்த ஈரமணலில், எட்ட நிற்கிற ஒருவருடைய விம்பம் எந்தப் பக்கம் விழும் என்று உங்களுக்குத் தெரியுமா? அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். எத்தனையோ கடல் தீர்த்தங்களுக்குப் போயிருப்பீர்கள், ஈரமணலில் நின்று கைகூப்பியிருப்பீர்கள். கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

நிழல் என்றால் சூரியன் சொன்ன பக்கம் விழும். விம்பம் பார்க்கிறவருடைய பக்கமாகவே நீளும். பத்துப் பேர் பத்து இடத்தில் நின்று பார்த்தால் அந்த ஒரே உருவம் பத்துப் பேரை நோக்கியும் நீண்டு கிடக்கும். பார்ப்பவர் திருவிழா உபயகாரரா, கயிற்றுக்கு அங்கால் நிறுத்தி வைக்கப்பட்டவரா என்று ஒளி விசாரிப்பதில்லை.

தயாளினிக்கு இது சின்ன வயதிலேயே தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல, கயிற்றடியில் நின்று கண்டுகொண்டது.

யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையோரத்து முருகன் கோயில் ஒன்றில், ஆண்டுத் திருவிழாவின் கடைசி நாள் சாமியைத் தோளில் காவிக்கொண்டு கடலுக்குப் போவார்கள். சாமி போகிற வழி நெடுகக் கயிறு கட்டியிருக்கும். கேட்டால் சனநெரிசலுக்கு என்பார்கள். கயிற்றுக்கு இங்கால் யார், அங்கால் யார் என்று எந்த ஒலிபெருக்கியும் அறிவிப்பதில்லை. அறிவிக்கத் தேவையுமில்லை. ஊரில் பிறந்த எல்லாருக்கும் தங்கள் தங்கள் இடம் தெரியும். தயாளினியின் தாய் ஞானாம்பிகையின் இடம் அங்கால்.

அங்கால் நிற்கிறவர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. சாமி கரைக்கு வந்து நிற்கும். அலை ஒன்று ஏறி வடியும். மணல் மினுங்குகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அவர்கள் குனிந்து, கயிற்றுக்குக் கீழால் கை நீட்டி, மணலில் கிடக்கும் சாமியின் விம்பத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். சாமியைத் தொட விடாதவர்கள் மணலைத் தொடுவதையாவது விட்டுவைத்திருந்தார்கள்.

"குனி பிள்ளை," என்று ஞானாம்பிகை மகளின் தோளை அமத்துவாள். "குனியக் குனிய எங்களுக்குக் கிட்ட வாறார், பார்."

பிள்ளை குனிந்து பார்த்தாள். மெய்தான். கண் கீழே இறங்க இறங்க முருகனின் கிரீடம் மணலில் வழுக்கிக்கொண்டு அவளுடைய மூக்கடிக்கே வந்தது. நிமிர்ந்தாள், எட்டப் போனார். அவளுக்கு அது பெரிய விளையாட்டு. தாய்க்கு அது அருள்.

பிறகு விஞ்ஞான வகுப்பில் ஒளித்தெறிப்புப் படிப்பித்தார்கள். கரும்பலகையில் ஆசிரியர் கீறிய கோடுகளைப் பார்த்தவுடன் தயாளினிக்குத் தீர்த்தக்கரை நினைவு வந்தது. படுகோணமும் தெறிகோணமும் சமன் என்றால், கண் தாழ்ந்தால் விம்பம் கிட்ட வரத்தானே வேண்டும். அதில் அருளும் இல்லை, அற்புதமும் இல்லை. அன்றைக்கு அவளுக்கு வந்தது விளக்கம் மட்டுமல்ல, கோபமும்தான். குனிகிறவர்களுக்குத்தான் கிட்ட வருவார் என்றால், தன் தாயை வாழ்நாள் முழுக்கக் குனிய வைத்தது யார்?

யாழ்ப்பாணத்தில் சித்திரம் படித்தாள். உடுப்பிட்டியில் கலியாணம் முடித்தாள். புருசன் கேதீஸ்வரன் முச்சக்கரவண்டி ஓட்டுகிறான். முன்கண்ணாடியில் முருகனும் பின்கண்ணாடியில் தயாளினி கீறிய கடலும். பாலர் பாடசாலைச் சுவர், கடைப் பலகை, கலியாண மேடை என்று வந்ததையெல்லாம் கீறினாள். தனக்கென்று கீறியது ஈரமணலை. அதில் நடக்கிற மனிதர்களை, அவர்களுடைய காலடியில் தொங்குகிற விம்பங்களை. நகரத்தில் ஒரு முறை அவளுடைய படங்களைக் காட்சிக்கு வைத்தபோது, வந்தவர்கள் ஒவ்வொருவராக விரலால் தொட்டுப் பார்த்தார்கள், ஈரம் காயவில்லையோ என்று.

அந்தப் படங்களில் ஒன்றைக் கைபேசியில் பார்த்துவிட்டுத்தான் அதே முருகன் கோயிலின் தலைவர் இராசநாயகம் அவளைத் தேடி உடுப்பிட்டிக்கு வந்தார். இரும்புக்கடை வைத்திருப்பவர். கடற்கரையில் சாமி இளைப்பாறும் பழைய தீர்த்த மண்டபத்தை இடித்துப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். அதன் உட்சுவர் முழுக்கத் தீர்த்தக் காட்சி வேண்டும்.

"பாக்கிறவன் செருப்பைக் கழட்டிக் கையிலை எடுக்க வேணும். அப்பிடி ஈரமாயிருக்க வேணும்," என்றார்.

"செய்யலாம் ஐயா."

"பிள்ளை எந்த இடம்?"

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வி இடத்தைக் கேட்பதில்லை, சாதியைக் கேட்பது. எல்லாருக்கும் தெரிந்த விசயம் அது.

"இஞ்சைதான். உடுப்பிட்டி."

பொய் இல்லை. ஆனால் அது பிறந்த ஊரல்ல, கலியாணம் முடித்துப் போன ஊர். காலையில் கேதீஸ்வரன் கேட்டான்: "வேண்டாமெண்டு சொல்லியிருக்கலாமே?"

"அந்த மண்டபத்துக்குள்ளை அம்மா ஒரு நாளும் கால் வைச்சதில்லை. அவவைச் சுவரிலையாவது கொண்டுபோய் வைக்கப் போறன்."

"கண்டுபிடிச்சால்?"

"அவவின்ரை முகத்தை ஆர் நிமிந்து பாத்தவை, கண்டுபிடிக்கிறதுக்கு?"

சொல்லிவிட்டாள். தூரிகைகளை எடுத்துப் பையில் வைத்தாள்.

வேலை தொடங்கியது. ஈரமணல் கீறுவது லேசான காரியமில்லை. உருவத்தைத் தலைகீழாகப் பிரதி பண்ணினால் போதும் என்று நினைக்கிறவர்கள் சீட்டாட்ட இராசாவைத்தான் கீறுவார்கள். விம்பம் கீழே இருந்து பார்க்கும். மேலே நாங்கள் காணுகிற சாத்துப்படியும் மாலையும் மணலில் பாதிதான் தெரியும். அதற்குப் பதிலாகக் காவுகிற தண்டின் அடிப்பக்கம், காவுகிற இளம் பெடியளின் தாடை, அழுந்திச் சிவந்த தோள்மூட்டு, குடையின் உள்கம்பிகள் எல்லாம் தெரியும். நிறமும் மேலே உள்ள நிறமல்ல, மணலின் மண்ணிறத்தைக் குடித்து ஒரு படி இருண்ட நிறம். மேலிருந்து கீழாகத் தூரிகையை இழுத்து, காய முன்னர் ஈரப்பஞ்சால் குறுக்கே ஒரு தடவு தடவினால் வடிகிற தண்ணீர் வந்துவிடும். ஒரு தடவு கூடினால் எல்லாம் சேறு.

அவள் முருகனைக் கீறினாள். காவுகிற பெடியளைக் கீறினாள். அவர்களுக்கு முன்னால், பார்க்கிறவருக்குக் கிட்டவாக, குனிந்து மணலைத் தொடுகிற ஒரு மனிசியைக் கீறினாள். அந்த மனிசிக்குப் பக்கத்தில் கயிற்றையும் கீறினாள். ஞானாம்பிகையின் விரல் படுகிற இடத்தில் முருகனின் கிரீடம் கிடந்தது.

மண்டபத்துக்கு யார் வந்தாலும் தயாளினியின் தூரிகை நின்றுவிடும். ஒரு நாள் கோயில் சபைச் செயலாளர் ஜெயரூபன் வந்தான். பள்ளிக்கூட ஆசிரியன், இளம் ஆள்.

"அருமையாயிருக்கு அக்கா. உந்த மனிசி ஆர்?"

"ஒரு அடியார்."

"எங்கையோ கண்ட முகமாக் கிடக்கு."

அவள் தூரிகையைத் தண்ணீரில் விட்டுத் தேவையில்லாமல் நீண்ட நேரம் கழுவினாள். அவன் போன பிறகும் கழுவிக்கொண்டிருந்தாள்.

கொடியேற்றம் நெருங்கியபோது இராசநாயகம் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவர் நீளத்துக்கு நடந்தார். குனிந்த மனிசிக்கு முன்னால் நின்றார்.

"இவ ஏன் இந்த இடத்திலை?"

"தீர்த்தத்திலை அப்பிடித்தானே ஐயா, தொட்டுக் கும்பிடுறவை."

"அது அங்காலை நிக்கிற ஆக்கள் செய்யிறது. கயிறு வேறை கீறி வைச்சிருக்கிறீர்."

"கயிறு இருக்குத்தானே."

"இருக்கிறதெல்லாத்தையும் சுவரிலை கீறுறதே? கக்கூசும்தான் இருக்கு." அவர் குரல் உயரவில்லை. "இவவையும் எடும், கயிறையும் எடும். இந்த இடத்திலை என்னைப் போடும். சாமிக்கு நேர் முன்னாலை, கைகூப்பின மாதிரி. சாமி என்ரை தலைக்கு மேலை தெரிய வேணும்."

"காவுற பெடியள் மறைஞ்சு போவினம் ஐயா."

"அவங்களுக்கென்ன, ஒவ்வொரு வரியமும் காவத்தானே போறாங்கள்."

மாட்டேன் என்று சொல்ல வாய் எடுத்தாள். சொன்னால், ஏன் என்று கேட்பார். ஏன் என்றால், யார் என்று கேட்பார். யார் என்றால், மண்டபத்துக்குள்ளே யார் நின்று சாமி கீறியது என்ற இடத்தில் வந்து முடியும். சரி என்று தலையாட்டினாள்.

அடுத்த நாள் தாயின் மேல் மணல் நிறம் பூசினாள். முதலில் காலை, பிறகு முதுகை. முகத்துக்கு வந்தபோது கண்ணை அங்கால் திருப்பிக்கொண்டு பூசினாள். இதைச் செய்தது கோயில் சபை அல்ல, தன் கை. அதை அவளால் மறைக்க முடியவில்லை, தன்னிடமிருந்தே.

அந்த இடத்தில் இராசநாயகத்தை நிறுத்தினாள். பட்டு வேட்டி, சால்வை, கூப்பிய கை, தலைக்கு மேலே முருகன். கயிறு போனது. அவருடைய பாதத்தின் கீழிருந்து அவருடைய விம்பத்தை இழுத்துக் கீறினாள். முடித்துவிட்டுப் பின்னால் நடந்து, மண்டப வாசலில் நின்று பார்த்தாள்.

பார்த்தவள் திரும்பவும் சுவரடிக்கு ஓடினாள்.

முருகனின் விம்பம் எங்கே விழ வேண்டுமோ அங்கேயே கிடந்தது. அதை அவள் மாற்றவில்லை, மாற்றத் தோன்றவுமில்லை. தாயின் விரல் பட்ட கிரீடத்தின் மேல் இப்போது இராசநாயகத்தின் இரண்டு பாதங்களும் அழுத்தமாக நின்றன. பெருவிரலுக்குப் பக்கத்தில் வேலின் நுனி எட்டிப் பார்த்தது. அவர் கேட்டபடியே எல்லாம் இருந்தது. சாமி தலைக்கு நேர் மேலே. தலைக்கு நேர் மேலே நிற்கிற சாமி, மணலில் காலுக்கு நேர் கீழேதான் கிடக்கும்.

வேண்டுமென்று செய்ததாகச் சொல்வார்கள். அதுதான் முதலில் வந்த நினைப்பு. யார், எந்த இடம் என்று கிண்டுவார்கள். கேதீஸ்வரன் வண்டியைக் கோயிலடியில் விடுகிறவன். அவனை அங்கே விடுவார்களா?

பஞ்சை எடுத்துக் கிரீடத்தை அழிக்கப் பார்த்தாள். அந்த இடம் மட்டும் வறண்டு, செத்துப் போனது. ஒரு பக்கம் ஈரமும் மறுபக்கம் புழுதியுமாக ஒரு கரை உலகத்தில் இல்லை. அழித்த இடத்தை மறுபடி கீறினாள். அவசரத்தில் கிரீடம் முந்தியதைவிடத் துலக்கமாக வந்துவிட்டது.

கூட்டிப்போக வந்த கேதீஸ்வரன் சுவரைப் பார்த்தான். வாயைப் பொத்திக்கொண்டான்.

"சாமி அவரின்ரை காலைப் பிடிச்சுக் கடன் கேக்கிற மாதிரிக் கிடக்கு."

"சிரிக்காதை. நான் செத்துக்கொண்டிருக்கிறன்."

"அந்த ஆளுக்கு விளங்காது. தன்ரை மூஞ்சையைத்தான் பாப்பார்."

அவன் சொன்னது சரியாகவே போனது. மறுநாள் இராசநாயகம் தன் முகத்தைப் பார்த்தார், சால்வையின் கரையைப் பார்த்தார், மீசை கொஞ்சம் நரைத்துவிட்டது என்றார். மனைவி உதயகலாவையும் கூட்டி வந்திருந்தார். ஜெயரூபனும் நின்றான். தயாளினி தூணோடு ஒட்டிக்கொண்டு, அவர்களுடைய கண்கள் எங்கே போகின்றன என்பதை மட்டும் பார்த்தாள். இராசநாயகத்தின் கண் வேட்டிக்குக் கீழே இறங்கவேயில்லை. உதயகலா கும்பிட்டாள். கும்பிட்ட கையோடு தலையைத் தாழ்த்தினாள். தாழ்ந்த தலை அப்படியே நின்றது.

"இஞ்சேருங்கோ."

"ம்."

"உங்கடை கால் எங்கை நிக்குது?"

இராசநாயகம் பார்த்தார். அவருடைய முகத்தில் இருந்த நிறம் கழுத்து வழியாக இறங்கிப் போனது.

"இது என்ன வேலை?"

"நீங்கள் சொன்ன இடம்தான் ஐயா," என்றாள் தயாளினி. "அந்த இடத்திலை ஆர் நிண்டாலும் கால் அங்கைதான்."

"சாமியை மணலிலை நேராப் போடும். தலைகீழாய் ஏன் போட்டனீர்? அதுதானே வில்லங்கம்."

"தண்ணியிலை ஆர் ஐயா நேராத் தெரியிறது?" இது ஜெயரூபன். அவர் பார்த்த பார்வையில் அவன் தொண்டையைச் செருமினான்.

"அப்ப மணலைக் காய வையும்."

"காய்ஞ்ச மணலிலை தீர்த்தமோ?" என்றாள் உதயகலா. "ஊர் சிரிக்கும். நாளைக்குக் கொடி. சனம் வரப்போகுது. எனக்கு நெஞ்சு பதறுது, இந்த மனிசன் ஏன்தான் சுவரிலை ஏறினதோ."

ஜெயரூபன் மெல்லச் சொன்னான்: "முந்தி இருந்த மனிசியைத் திரும்பிப் போட்டால் என்ன?"

இராசநாயகத்துக்கு மூச்சு வந்தது. "ஓம். அதுதான் சரி. என்னை எடுத்துப்போட்டு அவவைப் போடும்."

தயாளினி தூணை விட்டு வெளியே வந்தாள். பயம் எங்கே போனது என்று அவளுக்குத் தெரியாது.

"அவவின்ரை கால் எண்டால் பறவாயில்லையோ?"

இராசநாயகம் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"உங்கடை கால் நிண்டால் பாவம். அவவின்ரை கால் நிண்டால் பறவாயில்லை. அந்தப் பாவத்தை அவ காவுவா, அப்பிடியோ ஐயா?"

"அவ குனிஞ்சு தொட்டுக் கும்பிடுறா பிள்ளை," என்றாள் உதயகலா. "அது பாவமில்லை."

"எதுக்கும் அவவைக் கேட்டிட்டு வாறன்."

"ஆரை?" என்றார் இராசநாயகம்.

"அவவை. அவ என்ரை அம்மா. ஞானாம்பிகை. கயிற்றுக்கு அங்காலை நிக்கிறவ."

ஜெயரூபனுக்குக் கண்ட முகம் எங்கே கண்டது என்று அப்போதுதான் பிடிபட்டது. இராசநாயகம் சுவரைப் பார்த்தார், தயாளினியைப் பார்த்தார், அவள் வைத்திருந்த தூரிகையைப் பார்த்தார். சாமியின் முகத்தை அந்தத் தூரிகைதான் கீறியது.

தாய் வீட்டு வாசலில் வண்டி நின்றபோது ஞானாம்பிகை கதிரையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முழங்கால் இரண்டிலும் துணி சுற்றியிருந்தது. கொஞ்சக் காலமாக அவளால் தீர்த்தத்துக்குப் போக முடியவில்லை. போனாலும் குனிய முடியாது. தயாளினி எல்லாவற்றையும் சொன்னாள். பூசி அழித்ததையும் சொன்னாள். அதைச் சொல்லும்போது தாயின் கண்ணைப் பார்க்கவில்லை.

"அழிச்சனியே?"

"ஓம்."

"நல்லாத்தான் பயந்திருக்கிறாய்." வெங்காயத் தோலை ஊதி விட்டாள். "இப்ப என்னவாம்?"

"நீ குனிஞ்சு நிக்கிற மாதிரித் திரும்பிக் கீறட்டாம்."

"எனக்குத்தான் குனிய ஏலாதே."

"படத்திலை எணை அம்மா."

"படத்திலையும் ஏலாது. எத்தினை வரியம் குனிஞ்சது. அந்த முழங்கால்தான் இது." துணி சுற்றிய காலைத் தட்டிக் காட்டினாள். "நிமிந்து நிக்கிற மாதிரிக் கீறு. விருப்பமெண்டால் கீறு. இல்லாட்டி விடு."

"நிமிந்து நிண்டால் உன்ரை கால் சாமியின்ரை தலையிலை நிக்குமெணை. பயமில்லையே?"

ஞானாம்பிகை மகளை ஒரு கணம் பார்த்தாள். அத்தனை படிப்புப் படித்தும் இது தெரியவில்லையா என்கிற மாதிரி.

"அது வெறும் ஈரமண் பிள்ளை."

அன்று பின்னேரம், கொடியேற்ற ஆயத்தத்தில் எல்லாரும் கோயிலில் நிற்க, தயாளினி மண்டபச் சுவரில் இராசநாயகத்தைப் பூசி அழித்துவிட்டுத் தாயைக் கீறினாள். நிமிர்ந்து, பார்க்கிறவரை நேராகப் பார்த்துக்கொண்டு, இரண்டு காலும் ஊன்றி. முழங்காலில் சுற்றிய துணியின் புடைப்பு சேலைக்குள் தெரிந்தது. கால் விரல்களுக்கிடையில் கிரீடம் மினுங்கியது. கயிற்றையும் திரும்பக் கீறினாள். பயம் இல்லை என்று சொல்ல ஆசைதான். இருந்தது. வாசலில் ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் கீறினாள்.

கொடியேற்றத்தன்று சுவருக்கு வெள்ளைத் துணி கட்டியிருந்தது. பெயின்ற் காயவில்லையாம், கேட்டவர்களுக்கு ஜெயரூபன் சொன்னான். சபை கூடியது. வெள்ளையடிக்க வேண்டும் என்றார்கள் சிலர். சாமியையும் சேர்த்து வெள்ளையடித்தால் குற்றம் என்றார்கள் வேறு சிலர். மனிசியை மட்டும் அழிக்கலாம் என்றால், அந்த இடத்தில் யாருடைய காலை வைப்பது என்று கேள்வி வந்தது. வெறும் மணலாக விட்டால் என்ன என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. காலை வைக்கிறதற்கு ஓர் ஆள் தேவை என்றே அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. முடிவு இல்லாமல் எழும்பினார்கள். முடிவு தீர்த்தத்துக்கு முதல் நாள் என்றார்கள்.

கேதீஸ்வரனின் வண்டி இப்போது கோயிலடியில் நிற்பதில்லை. யாரும் நிற்காதே என்று சொல்லவில்லை. அவனிடம் யாரும் ஏறவில்லை. தாய் வீட்டில் இருக்கும்போது தயாளினியின் கைபேசி அடித்தால் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். ஞானாம்பிகை மட்டும், "எடு. எடுத்துக் கதை," என்கிறாள்.

துணிக்குப் பின்னால், சுவரில், அவள் இன்னும் நிற்கிறாள். எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது. ஆகவே, இதை வாசிக்கிற நீங்கள் தீர்த்தத்துக்குப் போகிறவர் என்றால், இந்த முறை கொஞ்சம் முன்னதாகப் போங்கள். மண்டபத்துக்குள் போய் அந்தத் துணியை விலக்கச் சொல்லிக் கேளுங்கள். சத்தமாகக் கேளுங்கள், பக்கத்தில் நிற்கிறவரையும் கேட்க வையுங்கள். பிறகு கரைக்கு இறங்கி, அங்கேயும் உங்கள் ஊரிலும் கட்டியிருக்கிற கயிற்றை, யாரும் கைகொடுக்கும்வரை காத்திராமல், அவிழ்த்துவிடுங்கள்.